இலேசான மாதிரி விமானத்துக்கு மரம் தேர்ந்தெடுப்பது எப்படி? ரப்பரில் பறக்கும் பி-30 விமானத்தை முன்வைத்து ஒரு முழு வழிகாட்டி

ஒரே பார்சலில் வந்த இரண்டு பால்சா ஷீட்டுகள். பால்சா என்பது மாதிரி விமானம் கட்டப் பயன்படும் மிக இலேசான மரம். இரண்டும் ஒரு மீட்டர் நீளம், 10 செ.மீ. அகலம், ஒன்றரை மி.மீ. கனம். விலையும் ஒன்றுதான். தராசில் வைத்தால் ஒன்று 14 கிராம், இன்னொன்று 36 கிராம். மேலே ஒட்டியிருந்த சீட்டில் இரண்டுக்கும் ‘லைட்’ என்றே எழுதியிருந்தது.

இந்த வித்தியாசம் தெரியாமல் நான் மூன்று விமானங்கள் கட்டினேன். வரைபடத்தை அச்சுப் பிசகாமல் பின்பற்றினேன், ஒட்டு வேலையும் சுத்தமாக இருந்தது. ஆனால் மூன்றும் பறக்கவில்லை, விழுந்தன. அப்புறம் ஒரு பெரியவர் என் விமானத்தின் வாலை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, கட்டினது நல்லா இருக்கு. மரத்தை எடை போட்டியா?” என்று கேட்டார். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கேள்விக்கான விடைதான்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு குறிப்பிட்ட விமானத்தை எடுத்துக்கொள்வோம்: பி-30. அமெரிக்காவில் பிறந்த ரப்பர் விமானப் போட்டி வகை இது: முறுக்கிய ரப்பர் பிரியும்போது மூக்கிலுள்ள காற்றாடி (புரொபெல்லர்) சுழன்று விமானத்தை இழுக்கும். இறக்கையின் நீளமும் விமானத்தின் மொத்த நீளமும் 30 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, அதாவது ஏறக்குறைய 76 செ.மீ. ரப்பர் இல்லாமல் விமானம் குறைந்தது 40 கிராம் இருக்க வேண்டும். ரப்பர் 10 கிராமுக்கு மேல் போகக் கூடாது. காற்றாடி கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் காற்றாடியாக இருக்க வேண்டும். போட்டியில் ஒரு பறத்தலுக்கு அதிகபட்சம் 120 விநாடிதான் கணக்கில் சேரும். புதிதாகக் கட்டுபவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது. 40 கிராம் என்பது கஞ்சத்தனமும் இல்லாத, தாராளமும் இல்லாத எடை. மரத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் எளிதாக எட்டலாம். கைக்கு வந்ததை வைத்துக் கட்டினால் 55 கிராமில் போய் நிற்கும்.

பால்சா ஏன் இப்படி ஷீட்டுக்கு ஷீட் மாறுகிறது?

பால்சா பெரும்பாலும் தென் அமெரிக்காவின் ஈக்வடாரிலிருந்து வருகிறது. பப்புவா நியூ கினியிலும் பயிரிடுகிறார்கள். ஸ்பானிய மொழியில் ‘பால்சா’ என்றால் தெப்பம். 1947-இல் தோர் ஹெயர்டால் ‘கான்-டிக்கி’ என்ற தெப்பத்தில் பெருவிலிருந்து பசிபிக் கடலைக் கடந்து போனாரே, அந்தத் தெப்பம் இந்த மரத்தின் அடிமரங்களால் கட்டியதுதான். நம் ஊர் இலவ மரத்துக்கு இது தூரத்துச் சொந்தம். காய் வெடித்தால் இலவம் பஞ்சு போலவே உள்ளே பஞ்சு இருக்கும்.

பால்சா மிக வேகமாக வளரும் மரம். ஆறேழு வருடத்திலேயே வெட்டத் தயாராகிவிடும். உயிரோடு நிற்கும்போது அதன் பெரிய, மெல்லிய சுவருள்ள செல்களில் தண்ணீர் நிறைந்திருக்கும். சூளையில் வைத்து உலர்த்திய பிறகு மிஞ்சுவது பெரும்பாலும் காற்றும் கொஞ்சம் நாரும்தான். வேகமாக வளர்ந்த மரம் இலேசாக இருக்கும், மெதுவாக வளர்ந்தது கனக்கும். ஒரே மரத்திலேயே இடத்துக்கு இடம் எடை மாறும். அதனால் கன மீட்டருக்கு 65 கிலோவிலிருந்து 300 கிலோ வரைக்கும் எல்லாமே ‘பால்சா’ என்ற ஒரே பெயரில் கடைக்கு வருகிறது. தேக்கை இப்படி யாரும் வாங்க மாட்டார்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தச்சர் ஒருவர் மரம் வாங்கப் போனால் வைரம் பாய்ந்த நடுப்பகுதியைத் தேடுவார், அதைச் சுற்றியுள்ள வெளிப்பகுதியான வெளிறை ஒதுக்குவார். நமக்கு வேண்டியது வெளிறுதான். பால்சாவில் வெள்ளையாக, இளம் மஞ்சள் சாயலோடு இருப்பதுதான் நல்ல மரம். செம்பழுப்பாக ஓடும் நடுமரம் கனமாகவும் சீரில்லாமலும் இருக்கும்.

முதல் படி: தராசு

பிளேடு வாங்குவதற்கு முன் தராசு வாங்குங்கள். 0.1 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். நகை எடை போடும் பாக்கெட் தராசு என்று ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கூடவே ஒரு வெர்னியர் காலிப்பர், ஒரு ஸ்டீல் ஸ்கேல், ஒரு பென்சில். அவ்வளவுதான் ஆயுதம்.

ஷீட்டின் எடையை அதன் கன அளவால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். ஒவ்வொரு முறையும் கால்குலேட்டரைத் தேட வேண்டாம், இதற்குக் குறுக்கு வழி உண்டு. ஒரு மீட்டருக்கு 10 செ.மீ. ஷீட் என்றால், கிராம் எடையை மி.மீ. கனத்தால் வகுத்துப் பத்தால் பெருக்குங்கள். மேலே சொன்ன 14 கிராம் ஷீட்டை 1.5-ஆல் வகுத்தால் 9.3, பத்தால் பெருக்கினால் 93. அதாவது கன மீட்டருக்கு 93 கிலோ. 36 கிராம் ஷீட் 240 கிலோ. இனிமேல் சுருக்கமாக ‘93 மரம்’, ‘240 மரம்’ என்றே சொல்கிறேன்.

பழைய அங்குல அளவில் வரும் 36-க்கு 3 ஷீட் என்றால் இன்னும் எளிது. 1/16 அங்குல கனத்துக்கு, கிராமை ஒன்பதால் பெருக்குங்கள். 1/32 என்றால் பதினெட்டால், 1/8 என்றால் நாலரையால். வெளிநாட்டு வரைபடங்களில் ‘6 பவுண்டு மரம்’ என்று எழுதியிருப்பார்கள். அது கன அடிக்கு ஆறு பவுண்டு. 16-ஆல் பெருக்கினால் நம் கணக்கு வந்துவிடும், ஏறத்தாழ 96.

கணக்குப் போட்ட உடனே ஷீட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிடுங்கள். பேனா வேண்டாம், மை மரத்துக்குள் ஊறி, பின்னால் எலும்புக்கூட்டின் மேல் ஒட்டும் காகிதத்தின் வழியாகத் தெரியும். காலிப்பர் எதற்கு என்று கேட்பீர்கள். ஒன்றரை மி.மீ. என்று வரும் ஷீட் ஒரு முனையில் 1.4, மறு முனையில் 1.7 என்று இருப்பது சகஜம். நான்கு மூலையிலும் அளந்து சராசரி எடுத்தால்தான் கணக்கு உண்மையாக இருக்கும்.

எடை போடும் நாளும் முக்கியம். மரம் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். ஐப்பசி அடைமழையில் எடை போட்ட ஷீட், பங்குனி வெயிலில் ஐந்தாறு சதவீதம் குறைவாகக் காட்டும். அதனால் ஒரு ஷீட்டை மழையில் எடை போட்டு, இன்னொன்றை வெயிலில் எடை போட்டு ஒப்பிடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே அறையில் போடுங்கள்.

இரண்டாம் படி: எந்த வெட்டு என்று பார்ப்பது

எடை பாதிக் கதைதான். அதே 100 மரத்திலேயே ஒரு ஷீட் காகிதம் போல வளையும், இன்னொன்று அட்டை போல விறைத்து நிற்கும். அடிமரத்திலிருந்து எந்தப் பக்கமாக ரம்பம் ஓடியது என்பதுதான் காரணம். இதை உலகம் முழுக்க ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள்.

ஷீட்டை ஜன்னல் ஓரம் எடுத்துப் போய் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேற்பரப்பில் நீள நீளமாக மெல்லிய கோடுகள் மட்டும் ஓடினால் அது ஏ வெட்டு. இரண்டு ஓரத்தையும் பிடித்து அகலவாக்கில் வளைத்தால், சுருள் ஓலை மாதிரி சுலபமாக வளைந்து கொடுக்கும். குழாய் உருட்ட, வளைந்த மூக்கை மூட இதுதான் ஏற்றது. ஆனால் தட்டையான வால் செய்யப் போனீர்கள் என்றால் ஒரு மழைக்குப் பிறகு அது பிஸ்கட் தட்டு போல் குழிந்துவிடும்.

மேற்பரப்பு முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள், செதில்கள், பாம்புச் சட்டை மாதிரி ஒரு மினுமினுப்பு. இது சி வெட்டு. மரத்தின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடும் நார்க்கற்றைகள் இந்த வெட்டில் ஷீட்டின் அகலத்தோடு படுத்திருக்கும். குறுக்குச் சட்டம் வைத்தது போல அவை தாங்குவதால் அகலவாக்கில் விறைப்பாக நிற்கும், கோணாது. வளைக்க முயன்றால் ‘டப்’பென்று பிளந்துவிடும். இறக்கைக்கு வடிவம் தரும் விலா எலும்புகளான ரிப்புகளுக்கும் தட்டையான வால் பகுதிகளுக்கும் சி வெட்டுக்கு ஈடே இல்லை.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது பி. கோடும் இருக்கும், ஆங்காங்கே புள்ளியும் இருக்கும். கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி இதுதான். ஒரே ஷீட்டில் இடது ஓரம் ஏ, வலது ஓரம் சி என்று மாறிப் போவதும் உண்டு. அப்படி ஒரு ஷீட் கிடைத்தால் திட்டாதீர்கள், ரிப்புகளை வலது ஓரத்தில் வெட்டிக்கொள்ளலாம்.

ஒருமுறை கண் பழகிவிட்டால் சி வெட்டைக் கடை வாசலில் நின்றே அடையாளம் காணலாம். நல்ல, இலேசான சி வெட்டு ஷீட் கண்ணில் பட்டால் அன்றைக்கு வேறு எது வாங்கப் போயிருந்தாலும் அதை எடுத்துவிடுங்கள். அது அடிக்கடி வராது.

மூன்றாம் படி: விறைப்பை அளப்பது

ஒரே எடை, ஒரே வெட்டு என்றாலும் நீளவாக்கில் விறைப்பு மாறும். இதற்கு எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று இருக்கிறது, சமையலறைத் தராசே போதும்.

மூன்று மி.மீ. சதுரக் குச்சி ஒன்றை எடுங்கள், நீளம் ஒரு மீட்டர். தராசின் மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். மேல் முனையில் ஆள்காட்டி விரலை வைத்து மெதுவாக, மிக மெதுவாக அழுத்துங்கள். தராசில் எண் ஏறும்: 8, 12, 16... ஒரு கட்டத்தில் குச்சி வில் மாதிரி வளையத் தொடங்கும். அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் எண் ஏறாது, வளைவுதான் கூடும். அந்த நின்ற எண்தான் குச்சியின் விறைப்பு. 150, 160 மரத்தில் இந்த அளவுக் குச்சிக்கு ஏறக்குறைய 20 கிராம் காட்டும். அதே எடையுள்ள இன்னொரு குச்சி 14-லேயே வளைந்துவிடும். முதலாவது லாஞ்சரானுக்கு (உடலின் மூலைகளில் நீளமாக ஓடும் குச்சி), இரண்டாவது அவற்றை இணைக்கும் குறுக்குக் கட்டைக்கு. விரலில் அந்தக் குச்சி ‘போதும்’ என்று விட்டுக்கொடுக்கும் கணம் ஒன்று இருக்கிறது. நாலைந்து குச்சி பார்த்த பிறகு தராசைப் பார்க்காமலேயே அது விரலுக்குப் புரிந்துவிடும்.

ஒப்பிடும்போது எல்லாக் குச்சியும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். நீளம் பாதியானால் தாங்கும் எண் நான்கு மடங்காகும், அதனால் நீளம் மாறினால் ஒப்பீடே செல்லாது. ஷீட்டையும் இப்படியே நிறுத்திப் பார்க்கலாம், நேராகப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே ஒரு உண்மையை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. 200 மரத்தில் ஒரு மி.மீ. ஷீட்டும், 100 மரத்தில் இரண்டு மி.மீ. ஷீட்டும் ஒரே எடைதான். ஆனால் இரண்டாவது ஏறத்தாழ நான்கு மடங்கு விறைப்பாக இருக்கும். கனமான மரத்தை மெலிதாக இழைத்து எடையைக் குறைப்பதைவிட, இலேசான மரத்தைத் தடிமனாக வைத்துக்கொள்வதே பல இடங்களில் லாபம். இரண்டாம் உலகப் போரின் ‘மஸ்கிட்டோ’ விமானத்தின் உடற்பகுதியை இரண்டு மெல்லிய பிர்ச் பிளைவுட் தோல்களுக்கு நடுவே பால்சாவை வைத்துச் செய்ததும் இதே தத்துவத்தில்தான்.

நான்காம் படி: குறை பார்ப்பது

வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பழுப்புக் கீற்று ஓடும் இடத்தில் மரம் கடினமாக இருக்கும், பிளேடு அங்கே திசை மாறும். ஊசித் துளை இருந்தால் பூச்சி பார்த்துவிட்ட மரம், மற்ற ஷீட்டோடு சேர்த்து வைக்காதீர்கள். குறுக்கே முடி போல மெல்லிய கோடு தெரிந்தால் மரம் எப்போதோ நசுங்கியிருக்கிறது, அந்த இடத்தில்தான் ஒடியும். ஷீட்டின் மெல்லிய ஓரத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நார் நீளத்தோடு ஓடாமல் மேலிருந்து கீழாகச் சரிந்து வெளியேறினால் அதிலிருந்து குச்சி எடுக்க வேண்டாம். எவ்வளவு கனமான மரமாக இருந்தாலும் அந்தச் சரிவில் பிளந்துகொள்ளும்.

மெல்லிய ஷீட்டை ஜன்னலுக்கு எதிரே பிடித்தால் வெளிச்சம் ஊடுருவும். எங்கே இருட்டாகத் தெரிகிறதோ அங்கே அடர்த்தி அதிகம். எந்தத் துண்டை எங்கே வெட்டலாம் என்று அதுவே சொல்லிவிடும்.

ஐந்தாம் படி: எந்த உறுப்புக்கு எந்த மரம்

பி-30-க்கு நான் வைத்துக்கொள்ளும் பட்ஜெட் இது. இறக்கை எலும்புக்கூடு 8 கிராம், உடல் 8, வால் 2, மேலே ஒட்டும் காகிதமும் அதை இறுக்கும் டோப் பூச்சும் 5, காற்றாடியும் மூக்குக் கட்டையும் கம்பியும் 10. கூட்டினால் 33. மிச்சமுள்ள ஏழு கிராமில் விமானத்தைக் குறித்த நேரத்தில் இறக்கும் டி.டி. அமைப்பு, ரப்பரின் பின் முனையைப் பிடிக்கும் முளை, சமநிலைக்கு ஒட்டும் களிமண் எல்லாம் அடங்க வேண்டும். இதில் நம் கையில் இருப்பது மரத்தின் 18 கிராம்தான். எல்லா உறுப்புக்கும் இரண்டு மடங்கு கனமான மரத்தைப் போட்டால் அது அப்படியே 36 ஆகும். பத்து கிராம் ரப்பர் அதைத் தூக்கிக்கொண்டு எங்கே ஏறும்?

வாலிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் தவறு அதிகம் நடப்பது அங்கேதான். வால் கிடப்பது ஈர்ப்பு மையத்திலிருந்து வெகு தூரத்தில். உங்கள் விமானத்தில் அது 45 செ.மீ. பின்னால் இருக்கிறது, மூக்கு 22 செ.மீ. முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாலில் ஒரு கிராம் கூடினால் மூக்கில் இரண்டு கிராம் களிமண் ஒட்ட வேண்டும். ஆக, ஒரு கிராம் கவனக்குறைவு மூன்று கிராமாகத் திரும்பி வரும். என் முதல் விமானத்தின் வாலில் மூன்று கிராம் கூடுதல், மூக்கில் ஆறு கிராம் களிமண், ஆக மொத்தம் ஒன்பது கிராம் தண்டம். பெரியவர் வாலைத் தூக்கிப் பார்த்ததன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. எனவே உங்களிடம் இருப்பதிலேயே இலேசான மரம் வாலுக்கு: 80 முதல் 100. குச்சிகளால் கட்டும் வால் என்றால் அந்த எடைக்குள் விறைப்பானதாகப் பொறுக்குங்கள். தட்டை ஷீட் என்றால் சி வெட்டு, மறுபேச்சில்லை.

இறக்கையின் ரிப்புகளுக்கு ஒரு மி.மீ. கனத்தில் 80–100 சி வெட்டு. பதினைந்து ரிப்பும் சேர்ந்து ஒன்றரை கிராமுக்குள் முடிந்துவிடும். நார் ரிப்பின் நீளத்தோடு ஓட வேண்டும். காகிதம் இறுகும்போது ஏ வெட்டு ரிப் பக்கவாட்டில் நெளிந்துவிடும், அப்புறம் இறக்கையின் வடிவமே போய்விடும்.

முன் விளிம்புக்கு 120–140, நேரான நார். பின் விளிம்புக்கும் அதே எடை, ஆனால் இன்னும் விறைப்பானதாக, முடிந்தால் சி பக்கம் சாய்ந்த மரமாக எடுங்கள். காகிதம் இழுக்கும் இழுப்பெல்லாம் பின் விளிம்பில்தான் விழுகிறது. ரிப்புகளுக்கு நடுவே அது உள்வாங்கிப் பிறை பிறையாகத் தெரிந்தால் மரம் மென்மையாகிவிட்டது என்று அர்த்தம்.

இறக்கையின் நீளத்துக்கு ஓடி அதன் பாரத்தைத் தாங்கும் குச்சிதான் ஸ்பார். அதில் கஞ்சத்தனம் கூடாது. எடை குறைக்கும் ஆசையில் ஒருமுறை 90 மரத்தில் ஸ்பார் போட்டேன். ரப்பரை முழுச் சுற்று சுற்றி விட்டவுடன் இறக்கை இரண்டும் கும்பிடு போடுவது போல மேலே மடிந்து சேர்ந்தன. மிச்சப்படுத்தியது ஒரு கிராம்கூட இல்லை. இங்கே 160–190 மரம், தராசுச் சோதனையில் முதல் இடம் பிடித்த குச்சி. மேலும் கீழும் இரண்டு ஸ்பார் வரும் வரைபடமாக இருந்தால், நல்ல குச்சியை மேலே போடுங்கள். பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளையும், மேல் ஸ்பார் நசுங்கும், கீழ் ஸ்பார் இழுபடும். மரம் இழுவையைத் தாங்கும் அளவுக்கு நசுக்கலைத் தாங்காது.

உடலின் நான்கு மூலைகளிலும் நீளமாக ஓடும் லாஞ்சரான்கள் 160–190. இங்கே எடையைவிட முக்கியம், நான்கும் உடன்பிறப்புகளாக இருப்பது. ஒரே ஷீட்டில் பக்கம் பக்கமாக வெட்டி எடுங்கள். வெட்டிய பிறகும் ஒவ்வொன்றையும் மேசை ஓரத்தில் ஒரே நீளம் வெளியே நீட்டிப் பிடித்து, எவ்வளவு தொங்குகிறது என்று பாருங்கள். ஒரே மாதிரி தொங்கும் இரண்டை இடது–வலது ஜோடியாக வையுங்கள். ஒரு பக்கம் விறைப்பு, மறுபக்கம் தொய்வு என்றால் பலகையிலிருந்து எடுத்தவுடன் உடல் வாழைப்பழம் போல வளைந்து நிற்கும். முறுக்கிய ரப்பர் உள்ளே இழுக்கும்போது அந்த வளைவு இன்னும் கூடும். குறுக்குக் கட்டைகளுக்கு 100–120 போதும், அவை சின்ன நீளத்தில் அழுத்தத்தை மட்டும் தாங்குகின்றன.

சட்டக் கூடு வேண்டாம், குழாய் உடல் வேண்டும் என்றால் அங்கேதான் ஏ வெட்டு அரசனாகிறது. ஒரு மி.மீ. கனத்தில் 90–110 ஏ வெட்டு ஷீட்டை வெந்நீரில் ஊறவைத்து, பி.வி.சி. குழாய் மேல் சுற்றி, துணி நாடாவால் கட்டி, ஒரு நாள் முழுக்க நிழலில் காயவிடுங்கள். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் முறுக்கிக்கொள்ளும்.

மூக்குக் கட்டைக்குக் கனமான மரமே நல்லது. எப்படியும் அங்கே எடை தேவைப்படும், அதைக் களிமண்ணாக ஒட்டுவதைவிட வலுவான மரமாக வைப்பது மேல். மூன்று துண்டுகளை நார் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி ஒட்டிவிட்டால் தரையில் மோதினாலும் பிளக்காது. இறக்கை நுனிக் கட்டைகள் இதற்கு நேர் எதிர், நகத்தால் அழுத்தினால் குழியும் 70–80 மரம்.

பால்சாவோடு சேரும் மற்றவை

ரப்பரின் பின் முளை நுழையும் இடத்தில் 0.8 மி.மீ. பிர்ச் பிளைவுட் துண்டு இரண்டு பக்கமும் வேண்டும். ஒரு ரூபாய்க் காசு அளவு போதும், அதற்கு மேல் பிளைவுட் எங்கேயும் வேண்டாம். கொஞ்சம் பெரிய விமானங்களில் ஸ்பாருக்கு ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தைப் போடுவார்கள். அது பால்சாவைவிட இரண்டு மூன்று மடங்கு கனம், ஆனால் அதே வலுவுக்கு மிகச் சன்னமாக இழைக்கலாம். பி-30-க்கு அவசியமில்லை.

மூங்கிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. பால்சா பரவுவதற்கு முன் மாதிரி விமானங்களை மூங்கிலிலும் ஸ்ப்ரூஸிலும்தான் கட்டினார்கள். நம் ஊரில் பட்டம் கட்டியவர்களுக்கு அதன் குணம் ஏற்கனவே தெரியும். நம் பழைய இலக்கணக்காரர்கள் உள்ளே காழ், அதாவது வைரம், கொண்டதை மரம் என்றும், வெளியே காழ் கொண்டதைப் புல் என்றும் பிரித்து வைத்தார்கள். மூங்கில் அந்தக் கணக்கில் புல். அதன் வலு முழுக்கப் பச்சைத் தோலை ஒட்டிய வெளிச் சுவரில் இருக்கிறது. அதனால் மூங்கிலைச் சீவும்போது உட்பக்கத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கழித்துக் கட்டுங்கள், தோல் பக்கத்தைத் தொடாதீர்கள். ஒரு மி.மீ. தடிமனில் சீவிய குச்சியை மெழுகுவர்த்திச் சூட்டில் காட்டி வளைத்தால் அந்த வளைவிலேயே நின்றுகொள்ளும். வால் நுனி வளைவு, தரையில் உரசும் சறுக்குக் கால், பின் முளை ஆகியவற்றுக்கு அருமையாகப் பொருந்தும். முழு இறக்கைக்கும் போட்டால் கனத்துவிடும்.

தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாடுகளைப் பார்த்துவிட்டு “நெட்டி பால்சாவைவிட இலேசாயிற்றே, அதில் கட்டலாமா?” என்று கேட்பவர்கள் உண்டு. இலேசுதான். ஆனால் அதில் நீள நார் கிடையாது, வளைத்தால் தாங்காமல் முறிந்துவிடும். அழகுக்கு வைக்கும் விமானி பொம்மை செதுக்க எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்கே போக முடியாதவர்களுக்கு

நம்மில் பெரும்பாலோர் ஆன்லைனில்தான் வாங்குகிறோம், பொறுக்கி எடுக்க வழியில்லை. ஆர்டர் போடும் முன் கடைக்காரருக்கு ஒரு செய்தி அனுப்பி, “ஒரு மி.மீ. ஷீட், ஒரு மீட்டருக்கு 10 செ.மீ., ஒவ்வொன்றும் 11 கிராமுக்குள் வேண்டும்” என்று கிராம் கணக்கில் கேளுங்கள். ‘லைட்’, ‘மீடியம்’ என்று கேட்டால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அர்த்தம். சிலர் மறுப்பார்கள், சிலர் கூடுதலாகக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு எடை போட்டுத் தருவார்கள். அந்தக் கூடுதல் பணத்தை யோசிக்காமல் கொடுங்கள்.

அதுவும் கிடைக்காவிட்டால் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து முப்பது நாற்பது ஷீட்டாக வாங்குங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் எடை போட்டு, அடுக்கிப் பிரித்தால் ஆளுக்குத் தேவையானது அதிலேயே கிடைத்துவிடும். ரப்பர் விமானம் கட்டுபவர் இலேசானதை எடுத்துக்கொள்வார், மோட்டார் விமானம் கட்டுபவருக்குக் கனமான ஷீட்டுகள் சந்தோஷமாகப் போகும். எந்த மரமும் வீணில்லை, இடம்தான் மாறுகிறது.

குச்சிகளை வாங்காதீர்கள், ஷீட்டாக வாங்கி நீங்களே வெட்டுங்கள். கட்டாக வரும் குச்சிகளில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. ஸ்டீல் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, புது பிளேடால் மூன்று நான்கு இலேசான கீறலில் வெட்டுங்கள். ஒரே இழுப்பில் வெட்டப் போனால் பிளேடு நாரைப் பின்தொடர்ந்து ஸ்கேலை விட்டு விலகும்.

மீதி ஷீட்டுகளைச் சுவரில் சாய்த்து வைக்க வேண்டாம், ஒரு மாதத்தில் வில்லாக வளைந்துவிடும். பிளாஸ்டிக் உறையில் போட்டு, அலமாரியின் மேல்தட்டில் படுக்கவைத்து, மேலே நாலைந்து தடிப் புத்தகங்களை ஏற்றுங்கள். தரையோடு ஒட்டி வைத்தால் கரையானுக்கு அழைப்பு அனுப்பியது போல. பால்சாவைக் கண்டால் அது தேக்கைத் திரும்பியும் பார்க்காது.

கட்டிய பிறகு ஒரு எடை

ஒட்டுக்கும் எடை உண்டு. ஃபெவிகாலைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு நீர்த்து, ஊசி முனையால் தொட்டு வையுங்கள், காய்ந்ததும் தண்ணீர் போய்விடும். ஃபெவிக்விக் வேகமானது, ஆனால் இலேசான மரம் அதை மடமடவென்று உறிஞ்சிக் கனத்துவிடும், மூட்டும் மொறுமொறுப்பாகிவிடும்.

எலும்புக்கூடு முழுதும் காய்ந்த மறுநாள், காகிதம் ஒட்டும் முன், ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியாகத் தராசில் வைத்து வரைபடத்தின் ஓரத்தில் எழுதுங்கள். இறக்கையின் நடுவில் ஒரு நூலைக் கட்டித் தூக்கி, இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறதா என்றும் பாருங்கள். ஒரு பக்கம் இறங்கினால் அந்தப் பக்கத்து நுனிக் கட்டையை 240 நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். மற்றப் பக்கத்தில் எடை சேர்க்க வேண்டாம். இறக்கை, உடல், வால் மூன்றும் சேர்ந்து 18 கிராம் காட்டினால் காகிதத்தை எடுக்கலாம். 22 காட்டினால் முதலில் வாலைத் தனியாக எடை போடுங்கள். அது இரண்டு கிராமைத் தாண்டியிருந்தால், இலேசான ஷீட்டை எடுத்து வாலை மட்டும் புதிதாகக் கட்டிவிடுங்கள். ஒரு சாயங்கால வேலைதான்.